பேனர் மாட்டினால் போதுமா? மலைக்கடைகளின் இணையதளக் கேள்விகள்

சீசனுக்கு இன்னும் சில வாரங்கள்தான். அறை, தேயிலை, தைலம், சாக்லேட் என்று மலையில் எதையாவது இணையத்தில் விற்கிறவர்கள் தளத்தைத் தூசி தட்டுகிற நேரம். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் குக்கீ அனுமதியைப் பற்றியவை. குக்கீ என்பது தளம் பார்வையாளரின் உலாவியில் வைக்கிற சிறு குறிப்பு; அதற்கு அனுமதி கேட்டு வருகிற பட்டைதான் பேனர்.

எங்கள் ஹோம்ஸ்டே கோத்தகிரியில் இருக்கிறது. ஐரோப்பியச் சட்டம் எங்களை எப்படிக் கட்டுப்படுத்தும்?

உங்கள் தளத்தில் ஜெர்மன் மொழிப் பக்கம் இருக்கிறது, வாடகையை யூரோவிலும் போட்டிருக்கிறீர்கள். ஐரோப்பாவில் இருக்கிறவர்களைக் குறிவைத்து விற்கிறீர்கள் என்பதற்கு அதுவே அடையாளம். ஜிடிபிஆர் என்கிற ஐரோப்பியத் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, கடை எந்த நாட்டில் இருந்தாலும் இந்த மாதிரி விற்பனையை அது தொடும். பாரிஸிலிருந்து யாரோ தற்செயலாக உங்கள் பக்கத்தைத் திறந்தார் என்பதற்காக மட்டும் தொடாது.

கார்ட்டில் போட்ட தேயிலைப் பாக்கெட்டை நினைவில் வைக்கிற குக்கீக்கும் அனுமதி கேட்க வேண்டுமா? (குன்னூர்)

வேண்டாம். வாடிக்கையாளர் கேட்ட சேவைக்கு அவசியமான குக்கீக்கு ஐரோப்பாவிலேயே விலக்கு உண்டு. அதே குக்கீயை விளம்பரத்துக்கும் பயன்படுத்தினால் விலக்கு போய்விடும்.

கொடைக்கானலில் வீட்டிலேயே சாக்லேட் செய்து விற்கிறேன். தளம் செய்தவர் பேனர் வைத்துவிட்டார். அதில் ‘ஏற்கிறேன்’ பொத்தான் மட்டும் இருக்கிறது. இது போதும் என்கிறார். போதுமா?

போதாது. இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது, ஏனென்றால் மலையில் நான் பார்க்கிற பத்துத் தளங்களில் ஏழெட்டு இப்படித்தான் இருக்கின்றன.

போன குளிர்காலத்தில் அம்மாவின் மூட்டு வலிக்குத் தைலம் வாங்கலாம் என்று ஒரு கடையின் தளத்தைத் திறந்தேன். பேனர் வந்தது. எதையும் அழுத்தாமல் விலையை மட்டும் பார்த்துவிட்டு மூடினேன். அன்று மாலையிலிருந்து மூன்று வாரம், நான் திறந்த பக்கமெல்லாம் மூட்டு வலி மருந்து விளம்பரம். அம்மாவின் உடம்பைப் பற்றிய செய்தி என் அனுமதி இல்லாமல் விளம்பரக்காரர் கைக்குப் போயிருந்தது. பேனர் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தபோதே பின்னால் ஸ்கிரிப்ட் (குக்கீயை வைக்கிற நிரல்) ஓடி முடித்துவிட்டது. என் பதிலுக்கு அங்கே வேலையே இல்லை.

உங்கள் தளத்தை நீங்களே சோதிக்கலாம். உலாவியில் பிரைவேட் ஜன்னல் திறந்து தளத்துக்குப் போங்கள். எதையும் அழுத்தாதீர்கள். எஃப்12 விசையைத் தட்டி, அப்ளிகேஷன் பகுதியில் குக்கீஸ் என்ற வரியைப் பாருங்கள். அடிக்கோட்டுடன் ‘ஜிஏ’ என்று தொடங்கினால் அது பார்வையாளர்களைக் கணக்கெடுக்கிற கூகுள் அனலிட்டிக்ஸ். ‘எஃப்பிபி’ என்றால் பேஸ்புக்கின் பிக்சல், அதாவது விளம்பரத்துக்காகப் பின்தொடர்கிற நிரல். பொத்தானைத் தொடுவதற்கு முன்பே இவை உட்கார்ந்திருந்தால் உங்கள் பேனர் வெறும் படம். முதலில் கேள்வி, பிறகு பதில், அதன் பிறகே ஸ்கிரிப்ட்: தளம் செய்தவரிடம் இந்த வரிசையைச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்தது பொத்தான். ‘மறுக்கிறேன்’ என்பது ‘ஏற்கிறேன்’ பக்கத்திலேயே, அதே அளவில் இருக்கட்டும். ஏற்க ஒரு தட்டு, மறுக்க பல தட்டு என்று வைத்ததற்காகத்தான் 2022 ஜனவரியில் பிரான்ஸின் தனியுரிமை ஆணையம் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் பேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் அறிவித்தது. முன்கூட்டியே டிக் அடித்து வைத்த கட்டம் சம்மதம் ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019-லேயே சொல்லிவிட்டது. நம் நாட்டுச் சட்டமும், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவது கொடுத்த அளவுக்கே எளிதாக இருக்க வேண்டும் என்கிறது.

கடைசியாக, சாக்லேட் விற்க உங்களுக்கு அந்த பிக்சல் தேவையா? பேஸ்புக்கில் விளம்பரமே கொடுக்காதவர் அதை எடுத்துவிடலாம். வாங்காத தகவலுக்குக் காவல் தேவையில்லை.

இந்தியச் சட்டத்தில் குக்கீ என்ற வார்த்தையே இல்லையாமே? பிறகு எதற்குப் பயம்? (உதகை)

2023-ஆம் ஆண்டு டிபிடிபி சட்டத்தில், அதாவது நம் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில், அந்த வார்த்தை இல்லைதான். ஒருவரை அடையாளம் காட்டக்கூடிய எந்தத் தகவலும் அதன் வரம்புக்குள் வரும். உங்கள் குக்கீ வாடிக்கையாளரின் பெயரோடும் போன் எண்ணோடும் சேர்கிற இடத்தில் சட்டமும் வந்துவிடுகிறது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. பெரும்பாலான கடமைகளுக்கு 18 மாத அவகாசம், அதாவது 2027 மே வாக்கில் முடியும். தகவலைப் பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். இன்றைக்குச் சேர்த்து வைக்கிற பட்டியலுக்கும் அன்றைக்கு நீங்கள் விளக்க அறிவிப்பு அனுப்ப வேண்டியிருக்கும். அதனால் இப்போதே குறைவாகச் சேருங்கள்.

ஒரு பெரிய கம்பெனியின் பிரைவசி பாலிசியை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிப் போட்டிருக்கிறேன். சரிதானே? (பூம்பாறை)

சரியில்லை. நீங்கள் விற்பது மலைப்பூண்டு. உங்கள் பாலிசியோ கலிஃபோர்னியா மாநிலவாசிகளின் உரிமையைப் பற்றி இரண்டு பத்தி பேசுகிறது. நீங்களே அதை ஒருமுறை படித்துப் பார்க்கவில்லை என்று தெரிகிறது. படிக்காத தாளில் கையெழுத்துப் போடுவீர்களா?

என்ன தகவல் வாங்குகிறீர்கள், எதற்கு, கூரியர்காரருக்கும் பணம் வாங்கும் நிறுவனத்துக்கும் எதைக் கொடுக்கிறீர்கள், எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், அழிக்கச் சொல்ல யாரைக் கூப்பிட வேண்டும்: இவ்வளவுதான், அரைப் பக்கம். அதைத் தமிழிலும் போடுங்கள். சம்மத அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கிற வாய்ப்பைத் தரச் சொல்வது சட்டமே.

மூன்றாம் தரப்பு குக்கீயை கூகுள் நிறுத்தப் போகிறது என்கிறார்களே, அதுவரை காத்திருக்கலாமா?

மூன்றாம் தரப்பு என்றால் நீங்கள் திறந்த தளம் அல்லாத வேறொருவர் வைக்கிற குக்கீ. அந்தத் திட்டத்தை கூகுள் 2024 ஜூலையிலேயே கைவிட்டுவிட்டது. காத்திருக்காதீர்கள்.

கூடலூரில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பறவை பார்க்கும் முகாம் நடத்துகிறோம். பதிவுப் படிவத்தை அவர்களே நிரப்பலாமா?

18 வயது நிரம்பாதவர் எல்லாருமே சட்டத்தின் கண்ணில் குழந்தைகள். பெற்றோரின் சம்மதம், அதுவும் சரிபார்க்கக்கூடிய சம்மதம் வேண்டும். படிவத்தைப் பெற்றோர் பெயரில் மாற்றுங்கள். அந்தப் பக்கத்தில் விளம்பரப் பின்தொடர்தல் எதுவும் ஓடவே கூடாது. பிள்ளைகள் விஷயத்தில் தவறினால் அபராத உச்சவரம்பு 200 கோடி. பிரைவேட் ஜன்னல் சோதனையை இந்தப் பக்கத்தில் இன்றே செய்யுங்கள்.

இ-பாஸ் இருப்பதால் வருகிற எல்லாருடைய ஆதாரையும் இரண்டு பக்கமும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறோம். (உதகை காட்டேஜ்)

இ-பாஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிறவர்கள் அரசுத் தளத்தில் தாங்களே பதிவு செய்கிறார்கள். உங்கள் கையில் ஆதார் நகல் இருக்க வேண்டும் என்று அது கேட்பதில்லை. வெளிநாட்டு விருந்தினரின் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தருவது தனிக் கடமை, அதைத் தவறாமல் செய்யுங்கள். மற்றவர்களிடம் அடையாள அட்டையை நேரில் பார்த்துப் பதிவேட்டில் எழுதுங்கள். நகல் வாங்கியே ஆக வேண்டுமென்றால், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரிகிற மறைப்பு ஆதாரைக் கேளுங்கள். வரவேற்பில் இருக்கிற பையனின் போன் கேலரியில் முந்நூறு குடும்பங்களின் ஆதார் கிடப்பதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. வாங்காத தகவலுக்குக் காவல் தேவையில்லை.

என் தளம் சட்டப்படி சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

தளத்தின் முகவரியை அனுப்பவில்லை. என்ன விற்கிறீர்கள் என்றும் எழுதவில்லை. இரண்டையும் எழுதி அனுப்புங்கள்.

எஸ்டேட்டுக்கு வரும் வழியைக் காட்ட மேப்பும், ஒரு யூடியூப் வீடியோவும் வைத்திருக்கிறோம். இதிலுமா குக்கீ?

இதிலும்தான். வீடியோவின் உட்பொதிவு முகவரியில் ‘நோகுக்கீ’ வகையைப் பயன்படுத்துங்கள். மேப்புக்குப் பதில் வழியை ஒரு படமாகப் போட்டு, அதில் லிங்க் கொடுங்கள். மலையில் சிக்னல் கிடைக்கிற லட்சணத்துக்குப் பக்கமும் சீக்கிரம் திறக்கும்.

நேற்று எங்கள் புக்கிங் பக்கத்தை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள். விருந்தினர் பட்டியல் போயிருக்கலாம். சீசன் நேரத்தில் வெளியே தெரிந்தால் பெயர் கெடும். சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாமா?

கூடாது. இந்த ஒரு கடிதத்துக்கு அன்றே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். 2022 ஏப்ரலில் வந்த உத்தரவுப்படி, தகவல் கசிவு தெரிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும். நேரம் தாண்டியிருந்தாலும் உடனே தெரிவியுங்கள். எல்லா பாஸ்வேர்டையும் மாற்றுங்கள், சர்வர் பதிவுகளை அழிக்காதீர்கள். பட்டியலில் இருந்த ஒவ்வொரு விருந்தினருக்கும் எழுதுங்கள்: என்ன போயிற்று, எப்போது போயிற்று, உங்கள் பெயரில் யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம் என்று. அவர்களில் சிலர் இந்த வாரமே உங்கள் அறைக்குப் பணம் கட்டத் தயாராக இருப்பார்கள்.