திறந்த நொடியிலேயே முடங்கும் இணையக் கடைகள்: உறுப்பினர்களின் கேள்விகளும் பதில்களும்

எண்ணிட்ட பேனா (குறைந்த எண்ணிக்கையில் மட்டும், ஒவ்வொன்றிலும் வரிசை எண்ணோடு வெளியிடப்படுவது) ஒன்றின் இணைய விற்பனை சென்ற வாரம் தொடங்கிய கணமே தளம் முடங்கிப்போனதைப் பற்றிப் பலரும் மனம் நொந்து எழுதியிருந்தீர்கள். இணைய வணிகத் தளங்களில் ஆர்டர், சரக்கிருப்பு, பணம் செலுத்துதல் ஆகிய பகுதிகளுக்கு 14 ஆண்டுகளாக மென்பொருள் எழுதிவருகிறேன் என்பதால், உங்கள் கேள்விகளுக்குப் பதில் எழுதும் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். ஒரே பொருளுடைய கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: விற்றது வெறும் 500 பேனாக்கள். 500 பொருள்களை விற்கக்கூட வலுவில்லாத சர்வரா அது?

விற்கவேண்டியவை 500தான், ஆனால் சர்வர் பதில் சொல்லவேண்டியது வாங்கியவர்களுக்கு மட்டுமன்று, வாங்க முயன்ற அத்தனை பேருக்கும். ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலை 10 மணிக்கு 40,000 பேர் ஒரே நேரத்தில் 'வாங்கு' பொத்தானை அழுத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். படங்களையும் விளக்கத்தையும் பல ஊர்களில் உள்ள நகல் சர்வர்களில் முன்கூட்டியே வைத்துவிடலாம் என்பதால் அவற்றால் பெரிய சிக்கல் இல்லை. ஆனால் 'இருப்பு 500' என்ற எண்ணுக்கு நகல் வைக்க முடியாது. அது தரவுத்தளத்தில் ஒரே ஒரு பதிவாக இருக்கிறது. ஒருவர் வாங்கும்போது அந்தப் பதிவைப் பூட்டி, எண்ணை ஒன்று குறைத்து, பிறகு பூட்டைத் திறந்தால்தான் அடுத்தவர் அதைத் தொட முடியும். இல்லையென்றால் ஒரே பேனா இருவருக்கு விற்கப்பட்டுவிடும்.

இந்தப் பூட்டுதலும் திறத்தலும் ஒருவருக்கு 20 மில்லி நொடி எடுத்துக்கொண்டால், ஒரு நொடியில் 50 பேரைத்தான் கவனிக்க முடியும். 40,000 பேரைக் கவனிக்க 800 நொடி, அதாவது 13 நிமிடத்துக்கும் மேல் ஆகும். பெரும்பாலான தளங்களில் ஒரு கோரிக்கை 30 அல்லது 60 நொடிக்கு மேல் காத்திருந்தால் இடையிலுள்ள சர்வர் அதைத் துண்டித்துப் பிழைச் செய்தியைக் காட்டிவிடும். அதற்குள் தரவுத்தளத்துக்கான இணைப்புகள் எல்லாம் காத்திருப்பவர்களாலேயே நிரம்பிவிடுவதால், பேனாவோடு தொடர்பே இல்லாத முகப்புப் பக்கமும், 'என் ஆர்டர்கள்' பக்கமும்கூடத் திறக்காமல் போகின்றன. ஒழுங்காக நடந்திருந்தால் 500 பேனாக்களும் 10 நொடியில் விற்றுத் தீர்ந்திருக்கும். பூட்டைப் பெற்றவர்களில் பலர் பணம் செலுத்தும் கட்டத்தில் துண்டிக்கப்பட்டு, அவர்களுக்கு ஒதுக்கிய பேனா மீண்டும் இருப்பில் சேர்ந்து, மறுபடியும் அதற்காகப் போட்டி நடந்ததால்தான் அந்த விற்பனை ஒரு மணி நேரம் இழுத்தது.

கேள்வி: கூடுதலாகச் சில சர்வர்களை அன்று ஒரு நாள் வாடகைக்கு எடுத்திருந்தால் போதாதா?

ஓரளவுக்கு உதவும், அதற்குமேல் உதவாது. இருப்பைக் காட்டும் அந்த ஒரே பதிவுதான் இங்கே கருவறை வாசல். கருவறை வாசல் ஒன்றாகவே இருக்கும்போது கோபுர வாசல்களை நான்காக்கினால், கூட்டம் விரைவாகப் பிராகாரத்துக்குள் வந்து நெருக்குமே தவிர, தரிசனம் விரைவாகாது. தேவைக்கேற்பத் தானாகவே சர்வர்களைக் கூட்டிக்கொள்ளும் ஏற்பாடும் இருக்கிறது. ஆனால் புதிய சர்வர் தயாராகச் சில நிமிடங்கள் ஆகும், நம் கூட்டமோ முதல் சில நொடிகளிலேயே வந்துவிடுகிறது.

2014 அக்டோபர் 6 அன்று ஃபிளிப்கார்ட் நடத்திய 'பிக் பில்லியன் டே' தள்ளுபடி விற்பனை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அடுத்த நாள் அதன் நிறுவனர்கள் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிய மன்னிப்புக் கடிதத்தில், ஏறத்தாழ 5,000 சர்வர்களைக் களமிறக்கியிருந்ததாகவும், வழக்கத்தைப் போல 20 மடங்கு கூட்டத்துக்குத் தயாராக இருந்ததாகவும், வந்தது அதையும் மிஞ்சியதாகவும் சொல்லியிருந்தார்கள். தவறை மறைக்காமல் எண்களோடு எழுதிய அந்தக் கடிதத்தை நான் இன்றும் மதிக்கிறேன்.

கேள்வி: வெளிநாட்டுப் பெரிய நிறுவனங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது, அதுவும் நன்றாகத் தயாராவதற்கு வசதியும் நேரமும் இருந்தவர்களுக்கே. 2011 செப்டம்பர் 13 அன்று, இத்தாலிய ஆடை நிறுவனமான மிசோனி அமெரிக்காவின் டார்கெட் கடைகளுக்கென்று வடிவமைத்த 400க்கும் மேற்பட்ட பொருள்கள் விற்பனைக்கு வந்தபோது, டார்கெட் தளம் அன்றைய பொழுதின் பெரும்பகுதி முடங்கியது. அதுவரை அமேசானின் தொழில்நுட்பத்தில் இயங்கிவந்த அந்தத் தளம் சொந்த அமைப்புக்கு மாறி அப்போது சில வாரங்களே ஆகியிருந்தன. அந்தப் பொருள்கள் உடனடியாக, மறுவிற்பனை நடக்கும் ஈபே தளத்தில் கூடுதல் விலைக்கு வந்தன.

2012 பிப்ரவரி 29 அன்று ராஸ்பெரி பை என்ற 35 டாலர் கணினி வெளியானபோது, அதை விற்ற பிரீமியர் ஃபார்னெல், ஆர்எஸ் காம்பொனன்ட்ஸ் ஆகிய இரு நிறுவனங்களின் தளங்களும் சில நிமிடங்களில் திணறி விழுந்தன. பொறியாளர்களுக்கு உதிரிபாகம் விற்றுப் பழகிய தளங்கள் அவை. ஒரே பொருளுக்காக உலகம் முழுவதும் ஒரே நிமிடத்தில் வந்து கதவைத் தட்டும் என்ற நிலையை அவை அதற்குமுன் சந்தித்ததில்லை.

நாணயம் சேகரிப்பவர்களுக்கு 2021 மே 24 மறக்காது. மார்கன் வெள்ளி டாலர் 1921இல் கடைசியாக அச்சிடப்பட்டதன் நூற்றாண்டு நினைவு வெளியீட்டில், அமெரிக்க நாணயச்சாலை இரண்டு வகைகளுக்கான முன்பதிவை அன்று திறந்தது. வகைக்கு 1,75,000 நாணயங்கள் என்பது சிறிய எண்ணிக்கையன்று. இருந்தும் தளம் தடுமாறியது, கூடையில் போட்ட நாணயங்கள் காணாமற்போயின. எஞ்சிய வகைகளின் முன்பதிவைத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று.

கேள்வி: பக்கம் திறக்காவிட்டால் ரெஃப்ரெஷ் செய்துகொண்டே இருக்க வேண்டுமா, பொறுத்திருக்க வேண்டுமா?

காத்திருப்பு அறை (வந்தவர்களை வரிசையில் நிறுத்தி, சிறிது சிறிதாக உள்ளே விடும் பக்கம்) காட்டப்பட்டால் எதையும் தொடாதீர்கள். பல தளங்களில் பக்கத்தை மூடித் திறந்தால் உங்கள் இடம் பறிபோகக்கூடும். பிழைச் செய்தி வந்தால் அரை நிமிடமாவது பொறுத்து ஒரு முறை முயலுங்கள். நீங்கள் ரெஃப்ரெஷ் செய்யும்போது முந்தைய கோரிக்கை எப்போதும் இரத்தாகிவிடுவதில்லை. பதிலைப் பெற ஆளில்லாத அந்தக் கோரிக்கைக்காகவும் சர்வர் உழைத்துக்கொண்டிருக்கும். 40,000 பேரும் ஐந்து நொடிக்கு ஒரு முறை இப்படிச் செய்தால், சர்வரின் உழைப்பெல்லாம் கைவிடப்பட்ட கோரிக்கைகளுக்கே போய்விடும். இதை வாங்குபவர்களின் குற்றமாக நான் கருதவில்லை. எதிரில் என்ன நடக்கிறது என்று தெரியாதவர் வேறென்ன செய்வார்? 'நீங்கள் வரிசையில் இருக்கிறீர்கள், காத்திருங்கள்' என்று ஒரு வரி காட்டியிருந்தாலே பாதிக் கூட்டம் அமைதியாக இருந்திருக்கும்.

கேள்வி: கார்ட்டில் சேர்த்த பிறகும் 'இருப்பு இல்லை' என்று வந்தது. இது ஏமாற்று இல்லையா?

ஏமாற்று இல்லை, ஆனால் வாங்குபவரை மதிக்காத வடிவமைப்பு. கார்ட்டில் சேர்த்ததுமே பொருளைச் சில நிமிடங்களுக்கு ஒதுக்கிவைப்பது ஒரு முறை. பணம் வந்த பிறகே இருப்பைக் குறைப்பது இன்னொரு முறை. சாதாரண நாள்களில் இரண்டாவது போதும். எண்ணிட்ட வெளியீடுகளுக்கு முதல் முறையைத்தான் கையாள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து, ஒதுக்கும் நேரம் எவ்வளவு என்பதையும் திரையிலேயே காட்ட வேண்டும்.

கேள்வி: யுபிஐ வழியாகப் பணம் போய்விட்டது, ஆர்டர் மட்டும் வரவில்லை. என் பணம் என்ன ஆகும்?

உங்கள் வங்கி பணத்தைக் கழித்துவிட்டது. அந்தச் செய்தி கடைக்காரரின் சர்வரை அடைவதற்குள் அது முடங்கியிருக்கிறது. முதலில், பதற்றத்தில் இரண்டாம் முறை பணம் செலுத்தாதீர்கள். பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு, திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, கணக்கில் கழிக்கப்பட்டும் வணிகருக்கு உறுதிச்செய்தி சேராத யுபிஐ பரிவர்த்தனைகளிலும், இணையத்தில் அட்டை வழியாக நடக்கும் இத்தகைய பரிவர்த்தனைகளிலும், பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாள்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். அதற்குமேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. இந்த விதியைச் சுட்டிக்காட்டி வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள்.

கேள்வி: மனிதருக்குப் பதிலாகத் தானாகவே பொருளை வாங்கிக் குவிக்கும் பாட் மென்பொருள்களைத் தடுக்கவே முடியாதா? பத்து மடங்கு விலைக்கு மறுநாளே விற்கிறார்களே.

முற்றாகத் தடுக்க முடியாது. அவற்றுக்குக் கிடைக்கும் ஆதாயத்தைக் குறைக்கலாம். படத்தைப் பார்த்து எழுத்தைத் தட்டச்சிடும் சோதனைகளைக் கூலிக்கு ஆள் வைத்தே கடந்துவிடுகிறார்கள். பாட்களைத் தடுக்க அமெரிக்காவில் 2016இல் வந்த சட்டமும் நிகழ்ச்சி நுழைவுச்சீட்டுகளுக்கு மட்டுமே பொருந்தும், பேனாவுக்கும் காலணிக்கும் பொருந்தாது. நான் கண்டவற்றுள் நல்ல வழி, வாங்குபவரின் பழைய வரலாற்றைப் பார்ப்பது. 2021 ஜூலையில் ஸ்டீம் டெக் விளையாட்டுக் கருவிக்கு வால்வ் நிறுவனம் முன்பதிவு திறந்தபோது, அவ்வாண்டு ஜூன் மாதத்துக்கு முன்பே அதன் ஸ்டீம் என்ற கணினி விளையாட்டு விற்பனைத் தளத்தில் ஏதேனும் வாங்கியிருந்த கணக்குகளுக்கு மட்டும் முதல் 48 மணி நேரம் இடம் கொடுத்தது. அன்று தளம் திணறியது உண்மைதான். ஆனாலும் நேற்று இரவு உருவாக்கிய ஆயிரம் போலிக் கணக்குகளால் உள்ளே வர முடியவில்லை.

கேள்வி: காத்திருப்பு அறையா, குலுக்கலா, எது நியாயம்?

குலுக்கல் என்பேன். காத்திருப்பு அறை தளத்தைக் காப்பாற்றும். கதவு திறக்கும் முன் வந்தவர்களைக் கலைத்து வரிசை எண் கொடுத்தால் விரைவான இணைப்பு உள்ளவருக்கு முன்னுரிமை கிடைப்பதும் குறையும். ஆனாலும் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்தாக வேண்டும் என்ற நெருக்கடி அப்படியே இருக்கிறது. 2022 நவம்பர் 15 அன்று அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் நிகழ்ச்சிகளுக்கான முன்விற்பனையில், நுழைவுச்சீட்டு விற்கும் டிக்கெட்மாஸ்டர் நிறுவனம், முன்கூட்டியே பதிவு செய்தவர்களுக்குக் குறியீடு அனுப்பி வரிசையும் வைத்திருந்தது. குறியீடு இல்லாதவர்களும் பாட்களும் சேர்ந்து வந்ததில், 350 கோடி கோரிக்கைகள் குவிந்ததாக அந்நிறுவனமே கூறியது.

குலுக்கலில் அந்த 'ஒரே நொடி' இல்லாமலே போகிறது. மூன்று நாள் அவகாசத்தில் யார் எப்போது பெயர் கொடுத்தாலும் வாய்ப்பு ஒன்றுதான். 2025இல் ஸ்விட்ச் 2 விளையாட்டுக் கருவிக்கு ஜப்பானில் நின்டெண்டோ தன் சொந்த இணையக் கடையில் குலுக்கல் நடத்தியபோது 22 இலட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். முந்தைய கருவியில் 50 மணி நேரத்துக்கு மேல் விளையாடியிருக்க வேண்டும் என்பது தகுதிகளுள் ஒன்று. முதலில் தகுதி, பிறகு குலுக்கல் என்ற இந்த முறை நமக்குப் புதிதன்று. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு குடவோலைக்குச் சொல்வதும் இதே வரிசைதான். குலுக்கலில் கிடைக்காதவருக்கு ஏமாற்றம் இருக்கும், ஆனால் விடுப்பு எடுத்துக்கொண்டு திரையின் முன் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து அவமானப்பட்ட உணர்வு இருக்காது.

கேள்வி: நீங்கள் எழுதிய தளம் முடங்கியதுண்டா?

உண்டு. ஒரு நிறுவனத்துக்காக நாங்கள் எண்ணிட்ட கைக்கடிகார விற்பனை ஒன்றை நடத்தினோம். ஆர்டர் பகுதியைப் பல இரவுகள் சோதித்திருந்தோம். அது கடைசிவரை தாங்கியது. 'இன்னும் எத்தனை உள்ளன' என்று காட்டும் சிறு பெட்டியைக் கடைசி வாரத்தில் விளம்பரப் பிரிவு கேட்டதால் சேர்த்தோம். ஒவ்வொருவர் திரையிலிருந்தும் நொடிக்கொரு முறை அது தரவுத்தளத்தைக் கேட்டது. நான்காம் நிமிடத்தில் தளம் நின்றது. அன்றிலிருந்து, விற்பனைக்கு ஒரு வாரம் முன்பிருந்தே எந்த மாற்றத்தையும் ஏற்பதில்லை என்பதில் பிடிவாதமாக இருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் குடும்பமாக வெண்கல விளக்கு வார்ப்பவர்கள். 120 எண்ணிட்ட விளக்குகளை இணையத்தில் விற்க எண்ணுகிறோம். பெரிய தளம் கட்ட வசதியில்லை. என்ன செய்யலாம்?

உங்களுக்குப் பெரிய தளமே தேவையில்லை. ஒரு இலவசப் படிவத்தை மூன்று நாள் திறந்துவைத்துப் பெயர், முகவரி, தொலைபேசி எண் மட்டும் வாங்குங்கள். ஒரே முகவரியோ எண்ணோ இரண்டு முறை வந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, குடும்பத்தார் அல்லாத இருவர் முன்னிலையில் குலுக்கி, அதைக் காணொளியாகவும் வெளியிடுங்கள். தேர்வான 120 பேருக்கும் ஒரு நாள் மட்டுமே செல்லுபடியாகும் பணம் செலுத்தும் இணைப்பைத் தனித்தனியாக அனுப்புங்கள். பணம் வராத விளக்குகளுக்காக இன்னும் 30 பேரை வரிசைப்படி காத்திருப்போர் பட்டியலில் எடுத்துவையுங்கள். தேர்வாகாத மற்றவர்களுக்கும் அன்று மாலைக்குள் ஒரு செய்தி போய்ச் சேரட்டும்.