மூடிய டெரேரியத்தில் ஃபிட்டோனியா அழுகுவது ஏன்?

வணக்கம். உங்கள் டெரேரியத்தில், அதாவது செடி வளர்க்கும் மூடிய கண்ணாடி ஜாடியில், நாள் முழுக்கக் கண்ணாடியில் நீர் கோத்து, ஃபிட்டோனியா என்ற சிறு இலைச்செடியின் தண்டு கறுத்து அழுகுகிறது என்கிறீர்கள். தண்ணீர் அதிகம். மூடிய ஜாடியில் ஆவி கண்ணாடியில் குளிர்ந்து மறுபடி மண்ணுக்கே இறங்கும், ஊற்றியது வெளியேறாது. அடியில் போட்ட கூழாங்கல்லும் நீர் தேங்கும் இடம்தான், வடிகால் அல்ல.

அழுகிய தண்டை நல்ல பகுதிவரை வெட்டுங்கள். உதிர்ந்த இலை ஒன்றுகூட உள்ளே கிடக்க வேண்டாம், பூஞ்சை அங்கேதான் பிடிக்கும். மூடியை 2, 3 நாள் திறந்து வைத்து, கண்ணாடியைத் துணியால் துடையுங்கள். கல்லுக்கிடையே நீர் தெரிந்தால் சிரிஞ்சில் மெல்லிய குழாய் மாட்டி உறிஞ்சிவிடுங்கள். மறுபடி மூடிய பிறகு, கண்ணாடியில் நீர் காலையில் லேசாகப் படிந்து மதியத்துக்குள் தெளிந்தால் ஈரத்தின் அளவு சரி. அதுவரை ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள்.

கூடவே வைத்த எச்செவேரியாவை (சதைப்பற்றுள்ள இலைச்செடி) இன்றே வெளியே எடுத்துவிடுங்கள். இந்த ஈரம் அதற்கு ஒருநாளும் ஒத்துவராது. ஜாடி சன்னலோரம் இருந்தால் தள்ளி வையுங்கள். நேர்வெயிலில் செடி உள்ளேயே வெந்துவிடும்.