ஒரு கப் எத்தனை கிராம்? திருகோணமலை அடுக்களைக் கேள்விகளும் பதில்களும்

வீட்டில் கேக் ஓடர் எடுத்துச் செய்கிறவள் என்பதால் அளவுச் சந்தேகம் எல்லாம் என்னிடம்தான் வரும். இந்த முறை வந்தவற்றுக்கு ஒரேயடியாகப் பதில்.

உப்புவெளி: அக்கா, ஒரு கப் எத்தனை கிராம்?
என்ன சாமான் என்று சொல்லவில்லையே தங்கச்சி! 240 மி.லி. கப்பில் தண்ணீர் 240 கிராம், சீனி 200, பட்டர் 227, தேன் 340, கோதுமை மா 120 முதல் 125. இது அமெரிக்கக் கப். அவுஸ்திரேலியக் குறிப்பு என்றால் கப் 250 மி.லி., மேசைக்கரண்டியும் 15க்குப் பதில் 20 மி.லி. கேக்கில் பெரிதாகத் தெரியாது. ஜெலட்டின் போடுகிற புடிங்கில் தெரியும்.

மூதூர்: அதே கப், அதே மா. ஒருநாள் கேக் மெதுமெதுவென்று வருது, மற்ற நாள் கட்டி. ஏன்?
மா அள்ளுகிற விதம்தான். வாளிக்குள் கப்பை விட்டு அள்ளினால் மா இறுகி 140, 150 கிராம்கூட ஏறிவிடும். கரண்டியால் மாவைக் கிளறித் தளர்த்தி, கப்புக்குள் மெல்லப் போட்டு, கத்தியின் முதுகால் வழித்துவிடுங்கள். கப்பைத் தட்டித் தட்டி நிரப்பவே கூடாது. மூன்று கப் மா போடும் கேக்கில் 90 கிராம் வரை கூட விழலாம், அதாவது முக்கால் கப்! பிறகு பேக்கிங் பவுடரைத் திட்டி என்ன பயன்? குறிப்பில் 'அரித்த மா ஒரு கப்' என்றிருந்தால் முதலில் அரித்துவிட்டு அளக்க வேண்டும்.

புட்டுக்கு அவித்த மாவுக்கு இந்தக் கணக்கு சரிவராது. அதில் ஈரம் இருக்கும், வீட்டுக்கு வீடு மாறும். நிறுக்கவே வேண்டாம், தண்ணீர் தெளித்துக் கையால் பதம் பாருங்கள்.

தம்பலகாமம்: அம்மம்மா சுண்டு, கொத்து என்றுதான் அரிசி சொல்லுவா. கிலோவில் எவ்வளவு?
வீடுகளில் சுண்டாக எடுப்பது டின்பால் பேணி. தலைவழித்து அளந்தால் அரிசி 250 கிராமுக்குக் கிட்ட வரும். நாலு சுண்டு ஒரு கொத்து, ஆகவே கொத்து ஏறத்தாழ ஒரு கிலோ. ஆனால் அம்மம்மா குவித்து அளக்கிறவவா என்று முதலில் கேளுங்கள்.

நிலாவெளி: பழைய கொப்பியில் இறாத்தலும் அவுன்சும் இருக்கு.
இறாத்தல் 454 கிராம், அவுன்ஸ் 28. பால், எசன்ஸுக்குச் சொல்லும் திரவ அவுன்ஸ் வேறு, அது கிட்டத்தட்ட 30 மி.லி.

கிண்ணியா: வட்டலப்பத்துக்குக் கித்துள் கருப்பட்டியைக் கப்பில் எப்படி அளப்பது?
அளக்காதீர்கள். மெல்லியதாகச் சீவினால் ஒரு பாரம், துண்டுபோட்டால் வேறு பாரம். கட்டியாக நிறுத்துவிட்டுச் சீவுங்கள். முட்டையும் பெரிசு சிறிசு உண்டு. கோது நீக்கி ஒன்று 50 கிராம் என்று கணக்கு வைக்கலாம்.

நகரில் இருந்து ஒரு தம்பி: தராசு வாங்கப் போறேன். எப்படிப் பார்த்து வாங்குவது?
5 கிலோ வரை நிறுக்கும், ஒவ்வொரு கிராமாகக் காட்டும் டிஜிட்டல் தராசு போதும். பாத்திரத்தை வைத்துப் பூச்சியமாக்கும் பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே பாத்திரத்தில் மா, சீனி, பட்டர் எல்லாம் அடுத்தடுத்து நிறுக்கலாம், கழுவுகிற வேலையும் மிச்சம். பேக்கிங் சோடா, ஈஸ்ட் மாதிரி இரண்டு மூன்று கிராம் சாமானுக்கு மட்டும் அந்தத் தராசை நம்பாதீர்கள். அதற்குத் தேக்கரண்டிதான் நல்லது.