கையில் இருந்தாலே கடத்தல் சரக்கா?

பொருள் ஒருவர் கையில் இருந்தது என்பதை வைத்தே, அது வெளிநாட்டிலிருந்து கடத்தி வந்தது, அதுவும் அவருக்குத் தெரியும் என்று கோர்ட் அனுமானிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பொருளைப் பொறுத்தது.

அமெரிக்காவில் அப்படிச் சட்டமே இருந்தது. 1970-இல் முடிந்த டர்னர் வழக்கைப் பாருங்கள்: 275 சிறு பைகளில் ஹெராயின், ஒரு தகரத்தாள் பொட்டலத்தில் 14.68 கிராம் கொக்கெயின் கலவை, இரண்டுக்கும் ஒரே ஆள்தான் குற்றவாளி என்று வழக்கு. ஹெராயின் அங்கே தயாராவதே இல்லை என்கிற அளவுக்கு அரிது, அதனால் அனுமானம் செல்லும் என்றது உச்ச நீதிமன்றம்; கொக்கெயினோ அப்போது உள்நாட்டிலேயே சட்டப்படி தயாராகித் திருட்டும் போனது, அதனால் கொக்கெயினுக்கு அது செல்லாது என்றது.

அதற்கு முந்தைய வருடம் லியரி வழக்கில் கஞ்சாவுக்கான அனுமானமும் விழுந்தது, எங்கிருந்து வந்தது என்று வைத்திருப்பவருக்குத் தெரியும் எனச் சொல்ல அடிப்படை போதவில்லை. எனக்கு இது ரொம்ப நியாயமாகப் படுகிறது. அப்புறம் ஒன்று, அனுமானம் செல்லும் என்றாலும் ஜூரி (குற்றவாளியா என்று தீர்மானிக்கும் பொதுமக்கள் குழு) அதை ஏற்றே தீர வேண்டியதில்லை.