வாசகர் கேள்வி: பனிக்காட்டில் கோடாலியோடு இரண்டு இரவு

போன இதழில் குளிர்கால முகாம் பற்றி நான் எழுதிய பத்து வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஐந்து கேள்விகளை எடுத்திருக்கிறேன்.

நாங்கள் ஐந்து நண்பர்கள். எல்லோருக்கும் 24, 25 வயது. கோடையில் பல தடவை முகாம் போட்டிருக்கிறோம். வரும் பெப்ரவரியில் அல்கொன்குவின் பூங்காவில் இரண்டு இரவு தங்கப் போகிறோம். டென்ட் இல்லாமல், கோடாலியால் மரம் வெட்டி நாங்களே குடில் கட்டிப் படுக்க ஆசை. வீடியோக்களில் காட்டுவது போலச் செய்ய முடியுமா?
*ஸ்காபரோ வாசகர்*

போய் வாருங்கள் தம்பி. ஒன்ராறியோவில் இத்தனை வருடம் இருந்தும் இந்தக் குளிரைக் கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே இருந்தே பார்த்த ஆட்கள் நம்மில் நிறையப் பேர். நீங்கள் வெளியே போக நினைப்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஆனால் மரம் வெட்டும் எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள். அல்கொன்குவின் 1893 முதல் பாதுகாக்கப்பட்ட பூங்கா. அங்கே உயிர்மரத்தில் கை வைக்கக் கூடாது. படுக்கைக்கு ஸ்ப்ரூஸ் கிளைகளை ஒடித்துப் பரப்புவதும் அதில் சேர்த்திதான். பழைய கால வேட்டைக்காரர்கள் அப்படிப் படுத்தார்கள், உண்மை. ஆனால் வருடம் முழுக்க ஆட்கள் வந்து போகும் இடத்தில் ஒவ்வொரு குழுவும் நாலு மரத்தை உரித்தால் பத்து வருடத்தில் என்ன மிஞ்சும்?

குடில் கட்ட மரமே தேவையில்லை. பனி போதும். குவின்ஸி என்று ஒன்று இருக்கிறது, பனியைக் குவித்து உள்ளே குடைந்து எடுக்கும் குடில். வடக்கே வாழும் டெனே மக்களின் மொழிக் குடும்பத்திலிருந்து வந்த சொல். இக்ளூவுக்குக் காற்றில் இறுகிய பனியைக் கட்டிகளாக அறுக்க வேண்டும், அந்த மாதிரிப் பனி காட்டுக்குள் கிடைக்காது. குவின்ஸிக்குத் தூள் பனியே போதும். சவளால் அள்ளிக் குவியுங்கள். மூன்று பேர் படுக்க ஆளுயரத்துக்குச் சற்று மேலே குவியல் வேண்டும், குறுக்களவு மூன்று மீட்டருக்குக் குறையாமல். ஐந்து பேருக்கு இரண்டாகக் கட்டுங்கள். குவித்ததும் தோண்டத் தொடங்கிவிடாதீர்கள். குறைந்தது இரண்டு மணி நேரம் அப்படியே விட வேண்டும். அள்ளிப் போட்டதில் பனித்துகள்கள் உடைந்து கலந்திருக்கும். சும்மா இருக்கும் நேரத்தில் அவை ஒன்றோடொன்று ஒட்டி இறுகும். சுவருக்குப் பலம் அதில்தான் வருகிறது. அவசரப்பட்டுத் தோண்டிய குவியல் ஆளின் முதுகில் விழும்.

காத்திருக்கும் நேரத்தில் கீழே விழுந்து கிடக்கும் சுள்ளிகளை 30 சென்டிமீட்டர் நீளத்துக்கு முறித்து, குவியல் முழுக்க வெளியிலிருந்து குத்தி வையுங்கள். உள்ளே தோண்டும்போது சுள்ளியின் நுனி தெரிந்தால் அந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். வாசல் காற்று அடிக்காத பக்கம், தாழ்வாக இருக்கட்டும். படுக்கும் மேடை வாசலை விட உயரமாக இருந்தால் குளிர்காற்று கீழே இறங்கிவிடும். கூரையின் உட்புறத்தைக் கையுறையால் தடவி வழவழப்பாக்குங்கள்; மேடுபள்ளம் இருந்தால் இரவு முழுக்க அந்த இடத்தில் நீர் சொட்டும். மேலே ஒரு கைமுட்டி அளவு ஓட்டை கட்டாயம். உள்ளே ஒருவர் தோண்டும்போது வெளியே ஒருவர் சவளோடு நின்றே ஆக வேண்டும். யாரும் மேலே ஏறக் கூடாது.

வெளியே மைனஸ் 25 பாகை இருக்கும் இரவில் உள்ளே பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே மட்டும் இருக்கும். காற்றின் சத்தம்கூடக் கேட்காது. விடியும்போது சுவர் வழியாக நீல வெளிச்சம் ஊறி வரும். அதை நீங்கள் ஐந்து பேரும் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

இதெல்லாம் முடிய நாலு, ஐந்து மணி நேரம் பிடிக்கும். பெப்ரவரி நடுவில் அங்கே சூரியன் ஐந்தரை மணிபோல மறைந்துவிடும். ஆகவே காலை 11 மணிக்கு முதல் சவள் பனி விழ வேண்டும். ரொறன்ரோவிலிருந்து மூன்று மணி நேர ஓட்டம். இருட்டோடு புறப்படுங்கள். இன்னொன்று, டென்டைக் கொண்டுபோய் முதலில் அதை அடித்துவிடுங்கள். குவின்ஸி சரிவராத இரவில் படுக்க ஓர் இடம் வேண்டும்.

எந்தக் கோடாலி வாங்கலாம்? கைக்கோடாலி போதுமா? பையில் வைக்கச் சுலபமாக இருக்கும் என்று பார்க்கிறேன்.
*ஏஜாக்ஸ் வாசகர்*

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் என் நண்பன் ஒருவனின் கால் இதில் போயிருக்கும்.

பிடி குட்டையாக இருந்தால் பாதுகாப்பு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நடப்பது அதற்கு நேர்மாறு. நின்றுகொண்டு வீசும்போது குறி தப்பினால் நீளப் பிடிக் கோடாலி உங்களுக்கு முன்னால் நிலத்தில் இறங்கும். குட்டைப் பிடியின் வட்டம் சிறியது, அது திரும்பி வந்து முழங்காலுக்குக் கீழே நிற்கும். முதல் தடவை நாங்கள் நான்கு பேர் போனது ஒரு டிசம்பர் கடைசியில். நாலே முக்காலுக்கெல்லாம் இருட்டிவிட்டது, விறகு இன்னும் பிளக்கவில்லை. நண்பன் நின்றபடியே கைக்கோடாலியை ஓங்கினான். குற்றியின் ஓரத்தில் பட்டு வழுக்கி அவன் சப்பாத்தின் மேற்தோலைக் கிழித்து, உள்ளே இருந்த கம்பளிப் பட்டையில் நின்றது. கால் தப்பியது. ஆனால் கிழிந்த சப்பாத்தோடு மைனஸ் 22 பாகையில் தங்க முடியாது. அன்றிரவே எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு காருக்குத் திரும்பினோம்.

வன்னியில் என் அப்பா எனக்கு விறகு கொத்தப் பழக்கியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அவர் முதலில் பழக்கியது வெட்டை அல்ல, நிற்பதை. கோடாலியை நீட்டிப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றச் சொல்வார். அந்த வட்டத்துக்குள் ஆளோ கோழியோ கொடியோ இருக்கக் கூடாது. கோடாலி கையில் இருக்கும்வரை கதை இல்லை. களைத்தால் குற்றியில் கொத்தி வைத்துவிட்டு இருக்க வேண்டும். பாலை விறகில் பழகிய அதே வட்டத்தைத்தான் இன்றைக்கும் பனியில் மேப்பிள் பிளக்கும்போது போடுகிறேன். ஒரே வித்தியாசம், இங்கே தலைக்கு மேலே கிளைகளில் பனி சுமந்து நிற்கும். அண்ணாந்தும் பார்க்க வேண்டும்.

சரி, எதை வாங்குவது? இரண்டு, இரண்டேகால் இறாத்தல் தலை, 26 முதல் 28 அங்குலப் பிடி. ஹிக்கரி மரப்பிடியாக, வரியோட்டம் பிடியின் நீளத்துக்கே ஓடுவதாகப் பார்த்து எடுங்கள். வெட்டும் முனைக்குத் தோலுறை இல்லாமல் வாங்காதீர்கள். ஏற்கெனவே கைக்கோடாலி இருந்தால் வீசி எறிய வேண்டாம். அதை முழங்காலில் நின்று மட்டும் பாவியுங்கள், குறி தப்பினாலும் நிலத்தில்தான் போகும். சிறு சிராய் எடுக்கும்போது விறகையும் கோடாலி வாயையும் சேர்த்துப் பிடித்து இரண்டையும் ஒன்றாகக் குற்றியில் தட்டுங்கள். ஓங்கவே தேவையில்லை.

கடுங்குளிரில் இரும்பு நொறுங்கும் குணம் கொள்ளும். இரவெல்லாம் வெளியே கிடந்த கோடாலியால் உறைந்த கணுவில் அடித்தால் வாய் உதிர்ந்துவிடும். முதல் வெட்டுக்கு முன் கொஞ்ச நேரம் கோட்டுக்குள் வைத்துச் சூடாக்குங்கள், நெருப்பில் காட்ட வேண்டாம். உறைந்த ஈர விறகு கோடையை விடச் சுலபமாகப் பிளக்கும் என்பது உங்களுக்குக் கிடைக்கும் நல்ல பக்கம். வழுவழுப்பான நைலான் கையுறையோடு கோடாலி பிடிக்காதீர்கள். தோல் கையுறை வேண்டும்.

விறகை வீட்டிலிருந்து ஏற்றிப் போக வேண்டாம். ஆஷ் மரங்களைத் தின்று முடித்த பச்சை வண்டு 2002 இல் விண்ட்சர் பக்கம் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு அது ஊர் ஊராகப் பரவியதற்குக் காரில் போன விறகும் ஒரு காரணம். பூங்காவுக்குப் பக்கத்திலேயே வாங்குங்கள். போவதற்கு முன் வீட்டு வளவில் நாலு சனிக்கிழமை விறகு கொத்திப் பழகுங்கள்.

குவின்ஸிக்குள் சின்ன காஸ் அடுப்பு வைத்துத் தேநீர் போடலாமா?
*பிராம்ப்டன் வாசகி*

கூடாது தங்கச்சி. மெழுகுவர்த்தியைத் தவிர வேறு எதையும் உள்ளே கொளுத்த வேண்டாம், அதுவும் மேலே ஓட்டை திறந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கம் வருவது போலத்தான் இருக்கும். தேநீரை வெளியே போட்டு ஃபிளாஸ்கில் ஊற்றி உள்ளே கொண்டு வாருங்கள்.

எனக்குக் குளிர் துளியும் ஒத்துக்கொள்ளாது. நண்பர்கள் விடமாட்டேன் என்கிறார்கள். இரவில் உறையாமல் எப்படித் தூங்குவது?
*மார்க்கம் வாசகர்*

நீங்கள் பயப்பட வேண்டியது பகலில் வரும் வியர்வைக்கு. பனி அள்ளும்போது உடம்பு கொதிக்கும். அந்த நேரம் ஜாக்கெட்டைக் கழற்றி, வேர்க்காத வேகத்தில் வேலை செய்யுங்கள். நனைந்த உடுப்போடு இருட்டில் நின்றால் அப்புறம் எந்த நெருப்பும் உங்களைக் காய வைக்காது. ஜீன்ஸ், பருத்தி பனியன் எல்லாம் வீட்டில் இருக்கட்டும். உள்ளே கம்பளி. படுக்கப் போகும்போது மட்டும் போடுவதற்கென்று ஒரு சோடி காலுறையைப் பொலித்தீன் பையில் கட்டி வையுங்கள். பகலில் என்ன நடந்தாலும் அதைத் தொடக் கூடாது.

உடம்பின் சூட்டை நிலம்தான் அதிகம் உறிஞ்சும். ஆகவே மேலே போர்ப்பதை விடக் கீழே விரிப்பதில் கவனம் வேண்டும். நுரைப்பாய் ஒன்று, அதன்மேல் காற்றுப்பாய் ஒன்று. கொதிநீர் ஊற்றிய போத்தலைக் காலுறைக்குள் போட்டுத் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொள்ளுங்கள். தலையைப் படுக்கைப்பைக்குள் இழுத்து மூச்சு விடாதீர்கள், பை நனைந்துபோகும்.

சாப்பாட்டில் நெய்யைக் குறைக்காதீர்கள். நாங்கள் ஆட்டிறைச்சிக் கறியை வீட்டிலேயே வரட்டிச் செய்து, தட்டையாக உறைய வைத்துக் கொண்டுபோவோம். அங்கே கோடாலியின் பின்புறத்தால் தட்டி உடைத்துச் சட்டியில் போட்டால் சரி. ரொட்டியும் அப்படியே. சோறு வேண்டாம், தண்ணீரும் எரிபொருளும் வீணாகும். குடிக்கப் பனி உருக்கும்போது சட்டியின் அடியில் முதலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள். வெறும் பனியைப் போட்டால் சட்டி கருகி, அந்தக் கருகல் மணம் தண்ணீரில் ஏறும். தண்ணீர்ப் போத்தலைத் தலைகீழாக நிறுத்தி வைத்தால் ஐஸ் மேலே அடிப்பக்கத்தில் பிடிக்கும், மூடி காலையில் திறக்கும்.

என் மகன் நண்பர்களோடு இப்படி ஒரு பயணம் போகப் போகிறான். 22 வயது, மறிக்க மனம் இல்லை. ஆனால் நித்திரை வரவில்லை. அவனிடம் என்ன கேட்க வேண்டும்?
*பெயர் வேண்டாம் என்ற அம்மா, மிசிசாகா*

அக்கா, இதைப் படித்ததும் என் அம்மா ஞாபகம் வந்தது. அவவும் மறிக்கவில்லை, நித்திரையும் கொள்ளவில்லை.

நான்கு விடயம் கேளுங்கள். எந்த முகாம், எத்தனையாம் இலக்க இடம், எந்த நாள் எத்தனை மணிக்குத் திரும்பித் தொலைபேசி எடுப்பான் என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த நேரம் தாண்டினால் யாரை அழைப்பது என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். முதல் பயணம் என்றால் நெடுஞ்சாலை 60 ஓரத்திலுள்ள மியூ ஏரி போல, குளிர்காலத்திலும் வழக்கமாகத் திறந்திருக்கும் இடமாக இருக்கட்டும். கார் நடக்கும் தூரத்தில் நிற்கும். திறந்திருக்கிறதா என்பதைப் போகுமுன் பூங்காவில் கேட்கச் சொல்லுங்கள். ஏரி ஐஸில் நடக்கும் எண்ணம் இருந்தால், தெளிந்த ஐஸ் 15 சென்டிமீட்டருக்குக் குறைந்த இடத்தில் கால் வைக்க மாட்டேன் என்று சொல்ல வேண்டும். வெள்ளையாகத் தெரியும் ஐஸுக்கு அதில் பாதிப் பலம்தான்.

நான்காவது, நண்பர்களில் ஒருவன் திரும்பிப் போவோம் என்றால் எல்லோரும் திரும்புவார்களா என்று கேளுங்கள். ஒருவன் பேச்சுக் குழறினாலோ, நடுங்கிக்கொண்டிருந்தவன் உடம்பு சூடேறாமலே நடுக்கம் நின்று சும்மா இருந்தாலோ, அவனைக் கேட்காமலே கூட்டிக்கொண்டு வர வேண்டும். அந்த நிலையில் அவன் தனக்கு ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வான். இதை வீட்டிலேயே எல்லோரும் பேசி முடித்திருக்க வேண்டும்.

அவன் இதற்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னால், அந்தக் கறியை நீங்களே வரட்டிக் கொடுத்து அனுப்புங்கள்.