120 வீடு வரப்போகிறது, "போக்குவரத்துப் பாதிப்பு மிகக் குறைவு" என்கிறது அறிக்கை. நம்பலாமா?

உங்கள் கேள்வி இதுதான்: தலவாக்கலைப் பக்கம் உங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவில் 120 தனி வீடுகள் கட்டப் போகிறார்கள். அங்கிருந்து மெயின் ரோட்டுக்கு இறங்க ஒரே ஒரு தோட்டப் பாதை, அதுவும் உங்கள் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலை உரசிக்கொண்டு போகிறது. போக்குவரத்துப் பாதிப்பு மிகக் குறைவு என்று அறிக்கை எழுதியிருக்கிறார்களாம். அதை நம்பலாமா, ஊர்ச் சனமே எப்படி மதிப்பிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த அறிக்கையை நான் பார்க்கவில்லை. ஆனால் இப்படியான முடிவு எந்த வழியாக வந்து சேரும் என்பதை நன்றாக அறிவேன். வாகனத்தை எண்ணியிருப்பார்கள், ஆட்களை எண்ணியிருக்க மாட்டார்கள்.

நானும் லயத்தில் பிறந்து வளர்ந்தவன்தான். உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை சும்மா இருந்த காலத்தில் நாள் சம்பளத்துக்கு வாகனம் எண்ணப் போனேன். அந்த வேலை பிடித்துப்போய் வீதி அளவை வேலையிலேயே இன்றுவரை இருக்கிறேன். முதல் நாள் என்னை நிறுத்திய இடம் ஹட்டன் – நுவரெலியா வீதியில் ஒரு தோட்டச் சந்தி. காலை ஆறு மணி, பனியும் தூறலும். தாளில் மோட்டார் சைக்கிள், ஆட்டோ, கார், வேன், பஸ், லொறி என்று கட்டம் போட்டுத் தந்திருந்தார்கள். 15 நிமிடத்துக்கு ஒரு வரி. ஆறேகால் தொடக்கம் ஏழு மணிவரை அந்தத் தோட்டப் பாதையால் இறங்கி வந்த வாகனங்கள் மூன்றே மூன்று: இரண்டு ஆட்டோ, ஒரு மோட்டார் சைக்கிள்.

பிள்ளைகளோ சாரைசாரையாக வந்தார்கள். காலில் சேறு அப்பிய ரப்பர் செருப்பு, கையில் சொப்பிங் பேக், அதற்குள் வெள்ளைச் சப்பாத்து. சந்திக் கடை வாங்கில் உட்கார்ந்து, பீலித் தண்ணீரில் காலைக் கழுவி, சப்பாத்தை மாட்டிக்கொண்டு, செருப்பை வாங்குக்கு அடியில் தள்ளிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்கள். பஸ் போன பிறகு குனிந்து பார்த்தேன். 34 சோடிச் செருப்பு. என் தாளில் அவற்றை எழுத ஒரு கட்டமும் இல்லை. மேற்பார்வைக்கு வந்தவரிடம் சொன்னேன். "அது வாகனம் இல்லையே தம்பி" என்றார். அவர் மேல் குற்றமில்லை, தாளே அப்படித்தான் இருந்தது.

உங்கள் அறிக்கையும் பெரும்பாலும் அந்தத் தாளின் வழியில் வந்ததாகத்தான் இருக்கும். இந்தச் சனத்திடம் கார் இல்லை, ஆகவே வாகனப் பயணம் குறைவு, ஆகவே பாதிப்பு இல்லை. அதோடு நின்றாலும் பரவாயில்லை. பாதிப்பு இல்லாத இடத்துக்குப் பாதை எதற்கு, பஸ் எதற்கு, நடைபாதை எதற்கு என்று அடுத்த படிக்கும் போய்விடுவார்கள். வசதி இல்லாததையே காரணம் காட்டி வசதி தராமல் விடுவது எனக்குப் பொறுக்க முடியாத அநியாயம்.

முறைப்படி பார்த்தால் போக்குவரத்துப் பாதிப்பு மதிப்பீட்டுக்கு நாலு கேள்விதான் அடிப்படை. இந்த வீடுகளிலிருந்து எத்தனை பயணம் பிறக்கும், அவை எங்கே போகும், எதில் போகும், எந்தப் பாதையால் போகும். இன்றைக்கு அந்தப் பாதையில் உள்ள நெரிசலோடு, வீடு கட்டாவிட்டாலும் வருடாவருடம் கூடப்போகும் வாகனத்தையும் சேர்த்து, அதன்மேல் புதிய பயணத்தை ஏற்றிப் பார்க்க வேண்டும். கணக்கு பிழைப்பது முதல் கேள்வியிலும் மூன்றாவதிலும்தான்.

பயணம் எத்தனை பிறக்கும் என்பதற்கு உலகம் முழுக்கப் புரட்டுவது அமெரிக்கக் கைநூலை. அங்கே தனி வீடு ஒன்றுக்கு நாளைக்கு ஒன்பதுக்கு மேல் வாகனப் பயணம், மாலை நெரிசல் மணியில் ஏறத்தாழ ஒன்று. வீட்டுக்கு இரண்டு கார் நிற்கும் ஊரின் கணக்கு அது. அந்த எண்ணை எடுத்து, நம் சனத்திடம் கார் இல்லை என்று ஐந்தில் ஒன்றாகக் குறைத்தால் 120 வீட்டுக்கு மணிக்கு 24 வாகனம் வரும். 24 வாகனத்துக்கு எந்த ரோட்டும் நெரியாது. ரோட்டின் நெரிசலுக்கு ஏ முதல் எஃப் வரை தரம் போடுவார்கள், அதில் நெரிசலே இல்லாத ஏ தரம் கிடைத்துவிடும்.

இதையே ஆட்களை வைத்துப் போட்டுப் பாருங்கள். நான் இங்கே எடுப்பது உதாரண எண்கள்தான், உங்கள் ஊருக்கு நீங்கள் எண்ணிப் போட வேண்டும். வீட்டுக்கு ஒன்றரைப் பிள்ளை என்றால் பள்ளிக்கூடம் போகிறவர்கள் 180 பேர். இரண்டு வீட்டுக்கு ஒருவர் டவுனில் வேலை என்றால் 60 பேர். ஆக 240 பேர் காலையில் ஒரு மணி நேரத்துக்குள் கீழே இறங்க வேண்டும். பஸ்ஸில் போனால் 60 பேர் வீதம் நாலு பஸ், ஏறி இறங்க எட்டு ஓட்டம். ஆட்டோவில் மூன்று பேர் வீதம் போனால் 80 ஆட்டோ. இறங்கின ஆட்டோ வெறுமையாகத் திரும்ப ஏறவும் வேண்டுமே, அப்படியென்றால் 160 ஓட்டம். ஒரு மணி நேரத்துக்கு 3600 விநாடி. உங்கள் லயத்து வாசலால் 22 விநாடிக்கு ஒரு ஆட்டோ போகும். பஸ்ஸும் இல்லை, ஆட்டோவுக்குக் காசும் இல்லை என்றால் அத்தனை பேரும் அதே பாதையில் நடப்பார்கள். வீடு அதே 120தான், ஆட்களும் அதே 240 பேர்தான். பாதிப்பு எட்டு ஓட்டமா, 160ஆ என்பதைத் தீர்மானிப்பது காலை ஆறரைக்கு மேல் பிரிவுவரை பஸ் ஏறுமா என்பதுதான். அறிக்கையில் நீங்கள் முதலில் தேட வேண்டியது அந்த பஸ்ஸைத்தான்.

இன்னொரு விஷயத்தையும் அறிக்கைகள் கண்டுகொள்வதில்லை. லயத்துக் காம்பராவில் மோட்டார் சைக்கிளை நிறுத்த இடமில்லை. ஏழு பேர்ச் காணியும் தனி வாசலும் கிடைத்தால் சனம் முதலில் வாங்குவது மோட்டார் சைக்கிளோ ஆட்டோவோதான். ஆகவே இன்றைய லயத்து வாகன எண்ணிக்கையை எடுத்து நாளைய வீட்டுக்குப் போடக் கூடாது. ஏற்கெனவே குடியேறிய திட்டம் ஒன்றில் போய்ப் பார்க்க வேண்டும். பூண்டுலோயா டன்சினன் தோட்டத்தில் இந்திய உதவியுடன் கட்டிய 404 வீடுகளை 2018 ஆகஸ்டில் கையளித்தார்கள். அப்படியான இடத்தில் வாசலுக்கு வாசல் போய், எத்தனை வாகனம், யார் எங்கே எத்தனை மணிக்கு எதில் போகிறார்கள் என்று கேட்டு வாருங்கள். அந்த ஒரு நாள் வேலைக்கு முன்னால் எந்தக் கைநூலும் நிற்காது.

எண்ணும் நாளையும் நேரத்தையும் கவனியுங்கள். கொழும்புக் கணக்கில் காலை எட்டு மணி நெரிசல் நேரம். நமக்கு ஆறேகால் முதல் ஏழரை. பள்ளிக்கூடம் ஏழரைக்கு, பிரட்டும் (தோட்டத்தில் காலை வேலைக்கு ஆள் கூடுவது) அதையொட்டித்தான். பகலில் ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் அடுத்த நெரிசல். கொழுந்து லொறி எந்நேரம் ஏறி இறங்குகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளி விடுமுறையில் எண்ணிய தாளை ஒப்புக்கொள்ளவே வேண்டாம், தாளின் தலைப்பில் தேதி இருக்கும், பாருங்கள். சம்பள நாளும் ஞாயிற்றுக்கிழமையும் வேறு மாதிரி இருக்கும், அதைத் தனியாக எண்ணலாம். தீபாவளிக்கு முதல் நாள் கொழும்பிலிருந்து பிள்ளைகள் வந்து இறங்கும் இரவையும் ஒரு தடவை பார்த்து வையுங்கள்.

அடுத்தது பாதை. நாடாவைக் கொண்டுபோய் அகலத்தை அளவுங்கள், கொங்றீட் மட்டும், புல் ஓரத்தைச் சேர்க்காமல். தோட்டப் பாதைகள் பல மூன்று மீற்றர் அளவில்தான் இருக்கும். அதில் இரண்டு வாகனம் விலக முடியாது. ஒன்று ரிவர்ஸ் போக வேண்டும், மலைப்பாதையில் ரிவர்ஸ் என்றால் பின்னால் நடந்து வருகிற பிள்ளைக்குத்தான் ஆபத்து. ஆகவே ஒன்றிலிருந்து மற்றது தெரிகிற தூரத்தில் விலகுமிடம் வேண்டும்.

மெயின் ரோட்டில் ஏறும் வாயில்தான் உயிர்போகும் இடம். அங்கே நின்று மேல்பக்க முடக்கை, அதாவது வளைவைப் பாருங்கள். 40 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் விநாடிக்கு 11 மீற்றர் போகிறது. சாரதி கண்டு, மூளைக்கு எட்டி, கால் பிரேக்குக்குப் போக இரண்டரை விநாடி என்று கணக்கிடுவார்கள், அதற்குள்ளேயே 28 மீற்றர் போய்விடும். பிறகு நிற்க மட்டமான ரோட்டில் 18 மீற்றர், பத்துக்கு ஒன்று இறக்கத்தில் 25 மீற்றருக்கு மேல். மொத்தம் 50ஐத் தாண்டுகிறது, பிரேக் சரியாக இருந்தால், வேகம் 40ஐத் தாண்டாமல் இருந்தால். முடக்கில் ஒரு ஆளை நிறுத்தி, அவர் தலை தெரியத் தொடங்கும் இடத்திலிருந்து வாயில்வரை அளந்து பாருங்கள். 30 மீற்றர்தான் வருகிறது என்றால் அது ஒன்றே போதும், "பாதிப்பு குறைவு" என்ற முடிவு நிற்காது. பனி இறங்கிய நாளில் இதையே இன்னொரு தடவை அளவுங்கள். 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியின் இறக்கத்தில் பஸ் ஒன்று வேனிலும் ஆட்டோவிலும் மோதி 7 பேர் இறந்தார்கள். அந்த வழியால் போகும்போதெல்லாம் இறக்கத்தின் கணக்குத்தான் எனக்கு நினைவுக்கு வரும்.

இரவில் பிரசவ வலி வந்தால், 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் கடைசி வீடுவரை வந்து திரும்ப முடியுமா? வரைபடத்தில் திருப்புமிடத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

வீடு கட்டும் காலத்தைப் பற்றி அறிக்கையில் ஒரு வரிதான் இருக்கும், "தற்காலிகப் பாதிப்பு" என்று. எனக்கு அதுதான் பெரிய பயம். மணல், கல், சீமெந்து, கம்பி, தகடு எல்லாம் அந்த ஒரே பாதையால்தான் ஏற வேண்டும். அச்சில் ஏறும் பாரம் இரட்டித்தால் ரோட்டுக்கு ஏறத்தாழ 16 மடங்கு சேதம் என்பது வீதிப் பொறியியலில் பழைய கணக்கு. ஆகவே ஆயிரம் ஆட்டோ செய்யாத சேதத்தை மணல் டிப்பர் ஒன்று செய்துவிடும். உங்கள் பாதையின் மதகுகள் எந்தக் காலத்தவை, கருங்கல் அடுக்கியதா, கொங்றீட்டா என்று ஒவ்வொன்றாகப் படம் எடுத்து வையுங்கள். எத்தனை லோட், எந்த நேரத்தில், பள்ளிக்கூட நேரத்தில் டிப்பர் ஓடாது என்று யார் எழுதித் தருவார், முடிந்த பிறகு ரோட்டை யார் திருத்துவார், இவை நாலும் எழுத்தில் வர வேண்டும்.

சரி, பாதையை அகலமாக்கிவிட்டால் போதாதா என்று சிலர் சொல்வார்கள். தட்டையான ஊரில் போதும். இங்கே அகலமாக்குவது என்றால் மேல்பக்க மண்ணை வெட்ட வேண்டும். வெட்டினால் சரிவின் கால் போய்விடும், மேலே இருக்கிற வீட்டுக்கு ஆபத்து. வெட்டிய மண்ணைக் கீழே தள்ளினால் கீழ் லயத்துக்கு ஆபத்து. மழைத் தண்ணீர் புதிய கானால் எங்கே போய் விழும் என்று யோசிக்காமல் போட்ட ரோடுகளே மண்சரிவைக் கூட்டி வந்திருக்கின்றன. 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதைப் பார்த்த சனம் நாம். அதனால் வீட்டுக் காணிக்கு மட்டும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசைக் காட்டினால் போதாது, அகலமாக்கும் பாதை முழுவதற்கும் கேளுங்கள். அகலமாக்க முடியாது என்று வந்தால் விலகுமிடம், நடப்பவர்களுக்குத் தனியாகப் படிக்கட்டுப் பாதை, கைபிடி, மேலே ஏறுகிற சின்ன பஸ், இவைதான் வழி. செலவும் குறைவு, மண்ணும் தப்பும்.

யாரிடம் கேட்பது என்பது பாதை யாருடையது என்பதைப் பொறுத்தது. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை, ஆகவே மெயின் ரோட்டில் ஏறும் வாயில் அவர்கள் பொறுப்பு. தோட்டப் பாதைக்குத்தான் நெடுங்காலமாக நாதியில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபைக் காசைச் செலவழிக்க முடியாது என்று சொல்லி வந்தார்கள். நாம் வாக்குப் போடலாம், நம் ரோட்டுக்கு ஒரு லோட் கல் கொட்ட முடியாது. 2018இல் அந்தச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். ஆகவே "அது தோட்டப் பாதை, எங்கள் பொறுப்பு இல்லை" என்று இப்போது யாராவது சொன்னால், திருத்தத்தின் ஆண்டைச் சொல்லுங்கள்.

சுற்றாடல் பாதிப்பு மதிப்பீட்டை நம்பிக் காத்திருக்க வேண்டாம். 1993ஆம் ஆண்டு வர்த்தமானியில் குடியிருப்புத் திட்டங்களுக்குப் போட்ட எல்லை 1000 வீட்டுக்கு மேல். 120 வீடு அந்தக் கணக்கில் வராது. அறிக்கையைக் கையில் எடுக்க 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தமிழிலேயே எழுதி, அந்தக் காரியாலயத்தின் தகவல் அலுவலரிடம் கொடுத்தால் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அறிக்கையை மட்டும் கேட்காதீர்கள். வாகனம் எண்ணிய மூலத் தாள்களையும் சேர்த்துக் கேளுங்கள், உண்மை அங்கேதான் இருக்கும்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்த 120 வீடும் வர வேண்டும். பத்தடிக் காம்பராவில் மூன்று தலைமுறை படுத்த சனத்துக்கு அது தாமதமாக வருகிற நியாயம். உங்கள் கடிதத்தின் முதல் வரியிலேயே அதை எழுதுங்கள், இல்லாவிட்டால் வீட்டுக்கு எதிரான மனு என்று திருப்பிவிடுவார்கள், மேல் பிரிவுச் சனமும் உங்களோடு கோபிக்கும். எண்ணப் போகும்போது மேல் பிரிவு இளைஞர்களையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

பாடசாலை நடக்கும் ஒரு செவ்வாயோ புதனோ போதும். சந்தியில் இரண்டு பேர், லயத்து வாசலில் ஒருவர், ஆறு மணி முதல் எட்டு வரையும் ஒன்று முதல் மூன்று வரையும். 15 நிமிடத்துக்கு ஒரு வரி. முதல் கட்டத்தில் நடந்து போகும் பிள்ளைகள், இரண்டாவதில் நடந்து போகும் பெரியவர்கள், அதற்குப் பிறகு வாகனங்கள். பென்சிலால் எழுதுங்கள், தூறலில் பேனா ஓடாது. தாள்களைப் படம் எடுத்து இந்தப் பதிலுக்குக் கீழே போட்டால் மிச்சக் கணக்கை நான் போட்டுத் தருகிறேன்.