மாரியில் தேனீ குறைவது சீனிப்பாணியால் மட்டும் தீராது

முல்லைத்தீவுத் தம்பி, ஐப்பசி மழை தொடங்கியதில் இருந்து சீனிப்பாணி வைத்தும் பெட்டியில் தேனீ குறைகிறது என்று எழுதியிருந்தீர்கள். சீனி பறக்கச் சக்தி தரும், உடம்பைக் கட்டாது. அதற்கு மகரந்தம் வேண்டும்.

தேனீயின் வயிற்றுத் தோலுக்கு உட்புறம் வெள்ளையாக ஒரு கொழுப்புப் படலம் இருக்கிறது. மகரந்தப் புரதம் அங்கேதான் வைட்டலோஜெனின் என்ற சேமிப்புப் புரதமாக மாறிச் சேர்கிறது. குளிர்நாடுகளில் இலையுதிர்காலத்தில் பிறக்கும் தேனீக்களுக்கு ஊட்ட வேண்டிய குஞ்சுகள் குறைவு. அதனால் அந்தச் சேமிப்பு உடம்பிலேயே தங்கிவிடும். கோடைத் தேனீ ஆறு வாரம் வாழ்ந்தால், இவை ஆறு மாதம்கூட வாழும்.

வன்னியில் பனி இல்லை, சரி. ஆனால் நாள்கணக்கில் மழை அடித்தால் மகரந்தம் வராது. ஊட்டும் தேனீ தன் உடம்புச் சேமிப்பைக் கரைத்துத்தான் குஞ்சுக்குப் பால் சுரக்கும், சீக்கிரம் சாகும். நம்முடைய இந்தியத் தேனீ பசி பொறுக்காமல் கூட்டையே விட்டுப் போய்விடும்.

வெயில் எறிக்கும் காலையில் வாசலில் கொஞ்ச நேரம் குந்தியிருந்து பாருங்கள். பின்னங்காலில் மஞ்சள் உருண்டை இல்லாமலே வருகின்றனவா? அப்படியென்றால், கொழுப்பு நீக்கிய சோயா மாவை உங்கள் பெட்டித் தேனிலேயே பிசைந்து, சட்டங்களுக்கு மேல் சின்ன அடையாக வையுங்கள். பாணியைப் பொழுதுபட்ட பிறகு வையுங்கள். வரும் ஆடியில் வளவோரம் சோளம் போட்டால் மழைக்கு முன்பே மகரந்தம் கிடைக்கும்.